வண்டி கட்டுமுன்

சென்ற கோடை விடுமுறைக்கு என் மகள் தன் குழந்தைகள் இருவருடன் கூடங்குளத்திற்கு வந்திருந்தாள். பின்னர் மருமகனும் வந்து சேர்ந்தார். திரும்பும்போது அனைவரும் காரிலேயே சென்னைக்குச் செல்வதென்று முடிவாயிற்று. ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் வழி. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, பத்து வயதுப் பேத்தி ஒரு தாளும் பென்சிலுமாக என்னிடம் வந்து, "தாத்தா, வழிக்கு என்னென்ன எடுத்து வைக்கவேண்டும்? நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றாள். தலைமையாசிரியனாக இருந்தவனிடம் யாரேனும் எழுதிக்கொள்கிறேன் என்றால் அவன் சும்மா இருப்பானா? உடனே சொல்லத் தொடங்கினேன். தண்ணீர், இரண்டு பாத்திரங்களில். அவல். கருப்பட்டி. சுக்கு, ஓமம். பழைய வேட்டித்துணி. தோண்டியும் கயிறும்.

பென்சில் நின்றது. "தாத்தா, காருக்கு எதற்குக் கயிறு?"

நான் விழித்தேன். வாயில் வந்ததெல்லாம் என்னுடைய பட்டியல் அன்று. அது என் ஆச்சியின் பட்டியல். மாட்டு வண்டிக்கு உரியது. வழிக்கிணற்றில் நீர் இறைப்பதற்குத் தோண்டியும் கயிறும் இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு குடும்பமும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இன்றைய பேச்சு.

நேயர்களே, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் சரித்திரம் கற்பித்தவன். மங்கம்மாள் சாலைகள் அமைத்தாள், சத்திரங்கள் கட்டினாள் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அந்தச் சாலையில் சென்றவர்கள் கைக்குழந்தைக்குப் பாலுக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு மாணவனையும் நான் கேட்டதில்லை. என்னையும் நான் கேட்டுக்கொண்டதில்லை. இது பாடநூலின் குறை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

குடும்பத்தோடு நெடுவழி செல்லுதல் தமிழருக்குப் புதிதன்று. கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டிற்கு ஏற்றிச் சென்ற உமணர்கள், மனைவி மக்களை வீட்டில் விட்டுச் சென்றவர்கள் அல்லர். வண்டியே அவர்களுக்கு வீடாக இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவர்களுடைய வண்டி ஒன்று நம் கண்முன்னே வந்து நிற்கிறது. கோழிக்கு அதில் ஒரு கூடு உண்டு. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது. காடிப் பானையும் இருக்கிறது. குழந்தையை உடைய பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். புலவர் இதை வியந்து பாடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றாடம் கண்ட காட்சியைச் சொல்லுவதுபோலவே சொல்லிச் செல்கிறார்.

அதே உமணர்களைப் பற்றி ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. மேடு பள்ளம் அறிய முடியாத நெடுவழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று எண்ணி, அவர்கள் வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டி எடுத்துச் சென்றார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டார் ஔவையார். காரின் பின்னால் உபரிச் சக்கரம் வைத்துக்கொண்டு போகும் நமக்கு அது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்று தெரிந்தால் சற்று மகிழ்ச்சியாகவே இருக்கும்.

அக்காலத்தில் வழியின் நீளத்தை நேரத்தாலும் அளந்தார்கள். ஒரு நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிடம். அந்த நேரத்தில் மனிதன் நடக்கும் தொலைவு ஒரு நாழிகை வழி. ஏழரை நாழிகை வழி ஒரு காதம். ஏறக்குறையப் பத்து மைல் என்று கொள்ளலாம். இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. "எவ்வளவு தொலைவு?" என்று கேட்டவனுக்கு, "குழந்தை எத்தனை முறை பசித்து அழும்?" என்பதற்கும் அதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. கிலோமீட்டர் அந்த விடையைத் தருவதில்லை.

மதுரையில் 1689 முதல் பேரனுக்காக ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாளின் பெயர், மதுரையிலிருந்து தெற்கே வரும் பழைய பாதைகள் பலவற்றில் இன்றும் வழங்குகிறது. நிழல் மரங்கள், குடிநீர்க் கிணறுகள், சத்திரங்கள் ஆகியவை அவள் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகின்றன. ஆயினும் வழிகளுக்கு வேண்டியவற்றை அரசர் மட்டுமே செய்தார்கள் என்று கருதுவது தவறு. ஊர்தோறும் சாதாரணக் குடும்பங்கள் நட்ட சுமைதாங்கிக் கற்களைப் பாருங்கள். இரண்டு கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறலாம். இவற்றுள் பல, கருவுற்ற நிலையில் சுமையை இறக்காமலே இறந்துபோன பெண்களின் நினைவாக நடப்பட்டவை. பிள்ளை பெறாமல் மாண்ட மகளுக்காக ஒரு தகப்பன், வழியே போகும் முகமறியாதவனின் பாரத்தை இறக்கி வைக்க ஒரு கல் நட்டான். சாலைகளை அகலப்படுத்தும்போது இத்தகைய கற்கள் பெயர்த்து எறியப்படுவதைக் காணும்போது எனக்குப் பொறுக்க முடிவதில்லை. சாலை அகலமாவது வேண்டியதுதான். கல்லை நான்கு முழம் தள்ளி நட்டால் சாலை குறைந்துவிடாது.

சத்திரங்களைப் பற்றிய ஒரு கடிதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801-ஆம் ஆண்டு கும்பினியாரின் பிரதிநிதிக்கு எழுதியது அது. இராமேசுவரம் செல்லும் வழியில் தம் முன்னோர் வைத்த சத்திரங்கள் தம் கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் எழுதினார். அங்கே நடப்பவற்றை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். வருகிறவர் எந்தச் சாதியினராயினும் உணவு உண்டு. நோயுற்றவர்க்கு மருந்தும் பத்திய உணவும் உண்டு. குழந்தைகளுக்குப் பால் கொடுக்கப்படும். வழியில் வந்த கர்ப்பிணிக்குச் சத்திரத்திலேயே பிரசவம் நேர்ந்தால், செலவைச் சத்திரமே ஏற்கும். பிள்ளை பெற்றபின் மூன்று மாதம் வரை அவள் அங்கேயே தங்கியிருக்கலாம். நாடு கைமாறிவிட்டது, மன்னரிடம் மிச்சமிருந்தது சிறிதே. அந்த நேரத்தில் அவர் தமக்காக வாதாடியதைக் காட்டிலும் வழிப்போக்கர் வீட்டுக் குழந்தையின் பாலுக்காக வாதாடியது பெரிது என்று நான் கருதுகிறேன். கரும்பலகையில் நான் எழுதத் தவறிய கேள்விக்கு விடை அந்தக் கடிதத்தில் இருந்தது.

சத்திரம் இல்லாத வழியில் செல்பவர்கள் தாமே ஒரு சத்திரத்தைக் கட்டித் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830-ஆம் ஆண்டு மே மாதம் தாய், மனைவி முதலானோருடன் பெரும் பரிவாரமாகக் காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். தெலுங்கில் அவர் எழுதிய குறிப்புகளில் கோயில்களுக்கு இணையாகக் கிணறுகளும் கடைகளும் இடம்பெறுகின்றன. எந்த ஊரில் நல்ல தண்ணீர், எங்கே தங்க இடம், எங்கே பண்டங்கள் கிடைக்கும் என்று பின்னால் வருபவர்க்காக எழுதி வைத்தார்.

நம் மாவட்டத்தில் வழிப்பயணத்திற்குப் பெரிய தடை ஆறு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில் கடக்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. வெள்ளம் வந்தால் இக்கரையில் இருப்பவர் இக்கரையிலேயே இருக்கவேண்டியதுதான். கலெக்டர் அலுவலகத்தில் பணியாற்றிய சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் பாலம் கட்டச் செய்தார். 1843-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

ரயில் 1876-இல் திருநெல்வேலிக்கு வந்தது. திருச்செந்தூருக்கு 1923-இல் சென்றது. ஆனால் திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவிலுக்கு ரயில் ஓடியது 1981-இல்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் ரயிலின் ஊதல் கேட்காத மூலையில் இருந்தோம். இன்று கூடங்குளம் என்றால் அணுமின் நிலையம் என்று உலகமே அறியும். நான் சிறுவனாக இருந்தபோது எங்களைச் சுற்றி இருந்தவை பனையும் மணலும் கடற்காற்றும்தாம். பேருந்துகள் இருந்தன, ஆனால் எண்ணி ஏழு பேர், அவருள் குழந்தைகள் நால்வர், மூட்டைகள் பத்து என்று வரும்போது வண்டி கட்டுவதே வழக்கம். இனி அந்த வண்டிக்கு வருகிறேன்.

1968-ஆம் ஆண்டு வைகாசி மாதம். எனக்கு எட்டு வயது. ஒரு வயது நிரம்பிய என் தங்கைக்குத் திருச்செந்தூரில் முடியிறக்கிக் காது குத்துவதென்று நேர்ந்திருந்தது. கூடங்குளத்திலிருந்து கடற்கரை ஓரமாக உவரி, மணப்பாடு, குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் ஏறக்குறைய நாற்பது மைல். வெயிலுக்கு அஞ்சி இரண்டு இரவுகளில் செல்வதாகத் திட்டம்.

ஆயத்தம் பத்து நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டது. அதற்குத் தலைமை என் அப்பாவைப் பெற்ற ஆச்சி. எழுதப் படிக்க அறியாதவர். முதலில் வண்டி. கோடையில் மரம் சுருங்கும். சக்கரத்தின் இரும்புப் பட்டா தளர்ந்துவிடும். பாதி வழியில் பட்டா கழன்றால் அந்த இடமே ஊராகிவிடும். ஆகவே சக்கரங்களைக் கழற்றி இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்தார்கள். மரம் உப்பிப் பட்டாவைப் பிடித்துக்கொண்டது. வைக்கோலைச் சுட்டு எண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போட்டார்கள். கடையாணிகள் இரண்டையும் தட்டிப் பார்த்து, மூன்றாவது ஒன்றை வண்டிக்காரர் இடுப்பில் செருகிக்கொண்டார். உமணரின் சேம அச்சைப் பற்றி அவர் கேள்விப்பட்டவர் அல்லர். மாடுகளுக்குப் புதிதாக லாடம் கட்டப்பட்டது. பருத்திக்கொட்டையும் தவிடும் ஒரு சாக்கில் ஏறின.

அடுத்தது உணவு. இதில் ஆச்சியின் கணக்கு ஒரு நல்ல கால அட்டவணையைப் போன்றது. முதல் வேளைக்கு இட்டலி. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரு பக்கமும் தடவி வாழையிலையில் கட்டியது. இரண்டாம் வேளைக்குத் தயிர்ச்சோறு. ஆனால் தயிர் ஊற்றிப் பிசைந்தது அன்று. பாலில் பிசைந்து சிறிதளவே உறை தெளித்து வைப்பார். உண்ணும் வேளைக்குத்தான் அது புளிப்பின்றித் தயிராகும். அதற்கடுத்த வேளைகளுக்குப் புளியோதரை. எல்லாம் தீர்ந்தபின் கெடாதவை: அவல், பொரிகடலை, முந்திரிக்கொத்து, ஓலைக் கொட்டானில் சில்லுக்கருப்பட்டி. முதலில் கெடக்கூடியதை முதலில் உண்ணவேண்டும் என்ற ஒழுங்கு குழந்தைகளாகிய எங்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கண்கள் முந்திரிக்கொத்தின்மேல் இருந்தன. ஆச்சி அந்தப் பெட்டியின்மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டார்.

மருந்துச் சுருக்குப்பையில் சுக்கு, ஓமம், மிளகு, கடுக்காய், தங்கைக்கு உரைத்துக் கொடுக்க வசம்பு. கிழித்துவைத்த பழைய வேட்டித்துணி ஒரு மூட்டை. அதன் பயன் குழந்தை வளர்த்தவர்களுக்குத் தெரியும். வண்டிக்குள் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்தார்கள். இரவில் குழந்தைகளுக்கு மெத்தையும் காலையில் மாடுகளுக்குத் தீனியும் அதுவே.

நாள் பார்த்ததையும் சொல்லவேண்டும். திங்களும் சனியும் கிழக்கே சூலம் என்பார்கள். நாங்கள் கிழக்கு நோக்கிச் செல்கிறவர்கள். ஆகவே புதன்கிழமை என்று முடிவாயிற்று. நல்ல நேரத்தில் புறப்பட முடியாதோ என்ற ஐயத்தால், முதல் நாளே ஒரு மூட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். சூலத்தில் எனக்கு அன்றும் நம்பிக்கை ஏற்படவில்லை, இன்றும் இல்லை. பரஸ்தானம் மட்டும் வேறு. ஒரு நாள் முன்னதாகவே மூட்டையைக் கட்டி முடித்துவிடச் செய்யும் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. பள்ளிச் சுற்றுலாக்களுக்கு நானே வேறு பெயரில் அதைக் கையாண்டிருக்கிறேன்.

இவ்வளவும் செய்தவர்கள் ஒரு பிழை செய்தார்கள். தண்ணீர் முழுவதையும் ஒரே மண்பானையில் ஊற்றி, வண்டியின் பின்புறத்தில் வைக்கோற்புரியில் அமர்த்திக் கட்டினார்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்பதற்காக அப்பா செய்த ஏற்பாடு அது.

முதல் இரவு உவரி வரை இடையூறின்றிச் சென்றது. அச்சின் கீழே அரிக்கேன் விளக்கு ஆட, அதன் நிழல் சாலையில் பெரிதாகச் சுழல்வதைப் பார்த்தபடியே தூங்கிப்போனேன். பகலெல்லாம் உவரியில் தங்கி, மாலையில் புறப்பட்டோம். அதன்பின் வந்தது மணற்பாதை. எங்கள் பக்கத்துச் செம்மணல் தேரியைக் கண்டவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காணாதவர்கள், காற்று அடிக்கும் பக்கமெல்லாம் இடம் மாறும் சிவந்த மணல்மேடுகளை நினைத்துக்கொள்ளலாம். சக்கரம் அச்சளவு புதைந்தது. குழந்தைகள் உட்பட எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வண்டி திடீரென்று எழும்பி ஒரு புறம் சாய்ந்தது. பானை உடைந்த ஓசையை நான் கேட்கவில்லை. ஆச்சி "ஐயோ" என்றதைத்தான் கேட்டேன். மணலுக்குத் தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

பொழுது விடிந்தபோது நாங்கள் இன்னும் தேரியிலேயே இருந்தோம். மாடுகள் நுரை தள்ளின. தோண்டியும் கயிறும் இருந்தன, கிணறு இல்லை. தங்கைக்கு இரவிலிருந்தே வயிற்றுப்போக்கு. முதலில் அழுதாள், பின்னர் அழுகையும் நின்றது. அழுகை நின்றதும் அம்மாவின் முகம் மாறியதை நான் கண்டேன். அதன் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. நீர் வற்றும் குழந்தை அழுவதற்கும் வலுவற்றுப் போகும் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே கற்றேன்.

அப்போது பனைமரம் ஒன்றிலிருந்து இறங்கிய பனையேறி ஒருவர் எங்களைக் கண்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இடுப்புக் கலயத்திலிருந்து ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றி, முதலில் எங்களுக்குக் கொடுத்தார். குழந்தைக்கு அதைக் கொடுக்கலாமா என்று அம்மா தயங்கினார். அவர், "தாயி, இது வேண்டாம், குடிசையில் கொதிக்க வைத்த தண்ணீர் இருக்கிறது" என்று சொல்லி, மணலில் ஓடிப்போய் ஒரு செம்பில் கொண்டுவந்தார். ஆச்சி அதில் சிறிது கருப்பட்டியும் ஒரு கல் உப்பும் கரைத்து, துணியை நனைத்துத் துளித்துளியாகத் தங்கையின் வாயில் பிழிந்தார். ஒரு நாழிகை கழித்து அவள் மறுபடியும் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ஆச்சி சிரித்ததை நான் மறக்கவில்லை. அப்பா நீட்டிய பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. குலசேகரன்பட்டினத்திற்குச் செல்லும் கெட்டிப்பாதையை மட்டும் கையால் காட்டிவிட்டு அடுத்த மரத்தில் ஏறிவிட்டார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்தது எங்கள் குடும்பத்தின் தீராத குறை.

கருப்பட்டியும் உப்பும் கரைத்த அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 1971-இல் வங்காளதேச அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைக் கொண்டே பல்லாயிரம் உயிர்களைக் காத்தார். அளவறிந்து கலக்கும் அந்த மருந்துப்பொடி இன்று எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. ஆச்சியின் அளவு சரியா என்று எனக்குத் தெரியாது. அளந்து கலந்த பொட்டலத்தையே இன்று நான் பரிந்துரைப்பேன்.

திருச்செந்தூரில் முடியிறக்குதல் நன்றாகவே நடந்தது. திரும்பும் வழியில் ஆச்சி, கடைத்தெருவில் மூன்று சிறிய பானைகளை வாங்கி, வண்டியின் மூன்று மூலைகளில் ஒவ்வொன்றாகக் கட்டினார். அப்பாவை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பின்னர் எங்கள் வீட்டில் யாரும், உள்ளூர்ச் சந்தைக்குப் போனாலும், தண்ணீரை ஒரே பாத்திரத்தில் கொண்டு சென்றதில்லை. அன்று அழுகை நின்ற அந்தத் தங்கைதான் இப்போது பேரன் பேத்தி கண்டு நலமாக இருக்கிறாள்.

இதையெல்லாம் பேத்திக்கு ஒரு மாலை முழுவதும் சொன்னேன். கேட்டபின் தாளைத் திருத்தத் தொடங்கினாள். அவல் நின்றது. வேட்டித்துணி, "தம்பிக்கு வாந்தி வரும்" என்ற காரணத்தால் நின்றது. சுக்கு, ஓமத்தின் பக்கத்தில் மருந்துப்பொடிப் பொட்டலம் நான்கு என்று எழுதிக்கொண்டாள். தோண்டியையும் கயிற்றையும் என் மகள் அடித்துவிட்டாள். மூட்டைகளை முதல் நாள் மாலையே திண்ணையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

காலை நான்கு மணிக்குக் கார் புறப்பட்டது. மருமகன் பெரிய தண்ணீர்க் குடுவை ஒன்றைப் பின்னால் ஏற்றியிருந்தார். பேத்தி அதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, இன்னும் இரண்டு சிறிய குடுவைகளை நிரப்பிக்கொண்டு வந்து, ஒன்றைத் தம்பியின் காலடியிலும் மற்றொன்றைத் தன் மடியிலும் வைத்துக்கொண்டாள்.